மேல் மண் காய்ந்திருப்பதைப் பார்த்து வண்டியை இறக்கலாமா?

சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். மாசி, பங்குனியில் அறுப்புக்கு வரும் பிசான நெல்லை டயர் வைத்த அறுவடை இயந்திரத்தால் அறுத்தீர்கள். நெல் ஏற்ற டிராக்டரும் ட்ரெய்லரும் வயலுக்குள்ளேயே வந்து போயின. பிறகு அதே வயலில் ஏத்தன் வாழை வைத்தீர்கள். இப்போது ட்ரெய்லர் போன தடத்தில் நிற்கும் வாழை மட்டும் குன்றிக் கிடக்கிறது; ஒரு மழை பெய்தாலும் அங்கே தண்ணீர் தேங்குகிறது. இயந்திரம் ஓட்டியவர், வயல் வெடிப்பு விடும் அளவுக்குக் காய்ந்திருந்தது, அதனால் மண் இறுகியிருக்காது என்கிறார். பக்கத்து வயல்காரர், காய்ந்த பிறகு இறக்கியதுதான் தப்பு, ஈரத்தோடு இறக்கியிருந்தால் சேறு விலகிக் கொடுத்திருக்கும் என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: மண் எந்த ஈரத்தில் மிக அதிகமாக இறுகும்? அந்த ஈரத்தை வயலில் எந்த ஆழத்தில் பார்க்க வேண்டும்?

நான் வேளாண் பொறியியல் படித்தவன். தாமிரபரணிப் பாசன வயல்களிலும் மேற்கே செம்மண் புஞ்சைகளிலும் இயந்திரங்களோடு நெடுநாள் வேலை பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. இருவரும் விட்டுவிட்ட மீதிப் பாதியில்தான் உங்கள் வாழையின் கதை இருக்கிறது.

மண் என்பது துகளும் துகள்களுக்கு இடையே உள்ள துளைகளும்தான். அந்தத் துளைகளில் காற்றோ தண்ணீரோ இருக்கும். இறுக்கம் என்றால் துகள்கள் நெருங்கி, துளைகள் சுருங்கி, உள்ளே இருந்த காற்று வெளியேறுவது. நன்றாகக் காய்ந்த மண்ணில் துகள்கள் ஒன்றையொன்று உரசிப் பிடித்துக்கொண்டு நிற்கும். மேலே கனம் ஏறினாலும் எளிதில் நகராது. கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் துகளைச் சுற்றித் தண்ணீர் மெல்லிய படலமாகப் படியும். அந்தப் படலம் துகள்களை வழுக்கவிடும். காற்றுத் துளைகள் இன்னும் நிறைய இருப்பதால் வழுக்கிய துகள்கள் போய் அடைய இடமும் இருக்கும். கனம் ஏறியதும் எல்லாம் நெருங்கி உட்கார்ந்துவிடும். ஈரம் இன்னும் கூடி எல்லாத் துளைகளிலும் தண்ணீர் நிரம்பிவிட்டால் நிலைமை மாறும். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. சக்கரத்தின் கனத்தை அந்த நேரத்துக்குத் தண்ணீரே தாங்கும். மண் அடர்த்தியாவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் பிதுங்கி ஓடும். ஆகவே ஈரம் ஏற ஏற இறுக்கம் ஒரு உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். 1933இல் அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர், அணைகளுக்கு மண்ணைக் கெட்டிப்படுத்தும் வழியைத் தேடியபோது இந்த உச்சத்தை அளந்து காட்டினார். இன்றும் சாலை போடுகிறவர்கள் அதையே பின்பற்றுகிறார்கள். நான்குவழிச் சாலை வேலை நடந்த இடங்களில் பார்த்திருப்பீர்கள்: கொட்டிய மண்ணின் மேல் முதலில் லாரியில் தண்ணீர் தெளிப்பார்கள், அதன் பிறகே உருளை ஏறும்.

விவசாயத்திலும் இதற்கு நேரடியான சாட்சி இருக்கிறது. தண்ணீர் நிற்காமல் உறிஞ்சிவிடும் மணற்பாங்கான நிலத்தை வேண்டுமென்றே இறுக்குவதற்கு நம் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் ஒரு வழிமுறை சொல்கிறது. நல்ல மழைக்கோ பாசனத்துக்கோ பிறகு ஒரு நாள், அதாவது 24 மணி நேரம், விட வேண்டும்; பிறகு 400 கிலோ எடையுள்ள கல் உருளையை, அது இல்லையென்றால் மணல் நிரப்பிய தார் டிரம்மை, எட்டு பத்து முறை உருட்ட வேண்டும். மண்ணை இறுக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் தண்ணீர் நிற்கும்போதும் இறங்குவதில்லை, வறண்டு கிடக்கும்போதும் இறங்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். தண்ணீர் வடிந்து, மேலே கால் ஒட்டாமல் நடக்க முடிகிற நேரமாகப் பார்த்து இறங்குகிறார்கள். டிராக்டர்காரரும் இப்போது வண்டி இறங்கலாம் என்று அதே நேரத்தில்தான் சொல்வார். 400 கிலோவுக்கே இந்தப் பலன் என்றால், ஐம்பது குதிரைத்திறன் டிராக்டர் தனியாகவே ஏறக்குறைய இரண்டு டன் இருக்கும். நெல் ஏற்றிய ட்ரெய்லர் அதைவிடக் கூடுதல்.

இதில் வருத்தமான ஒரு பொருத்தமும் இருக்கிறது. உழவுக்கு நல்ல பதம் எது என்று கேட்டால், புட்டுக்கு மாவு பிசறுவது போல, பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும் என்போம். உழவுக்கு அது சரியான பதம்தான். ஆனால் மண் மிகவும் இறுகும் ஈரமும் அதற்கு வெகு அருகில்தான் இருக்கிறது. கலப்பை மண்ணை அழகாக உதிர்த்துக்கொண்டு போகும் அதே நேரத்தில், சக்கரம் அடியில் இருக்கும் மண்ணை அமுக்கிக்கொண்டு போகிறது. உழுத இடம் பொலபொலவென்று கிடப்பதால் அடியில் நடந்தது கண்ணுக்குத் தெரிவதில்லை.

வண்டி கனமாக ஆக, மண் மிக அதிகமாக இறுகும் அந்த ஈரம் இன்னும் காய்ந்த பக்கம் நகர்ந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாடு கட்டி உழுத காலத்திலும், சிறிய டிராக்டர் வந்த காலத்திலும் இந்தக் காய்ச்சல் போதும் என்று பெரியவர்கள் வைத்திருந்த கணக்கு அன்றைய கனத்துக்குச் சரியாக இருந்தது. இன்றைய கனத்துக்கு வயல் இன்னும் அதிகமாகக் காய வேண்டும். பெரியவர்கள் சொன்னது பொய்யாகிவிடவில்லை, வண்டிதான் மாறிவிட்டது.

இப்போது பக்கத்து வயல்காரரின் பேச்சுக்கு வருகிறேன். தண்ணீர் நிற்கும் வயலில் மண் அடர்த்தியாக இறுகுவது குறைவு என்பது சரிதான். அதனால் நட்டமில்லை என்று நினைப்பது தவறு. நிறைந்த ஈரத்தில் சக்கரம் வழுக்கிச் சுழலும்போது, மண்ணில் மேலிருந்து கீழே போகும் தொடர்ச்சியான துளைகள் எல்லாம் மெழுகியது போல் அடைபடும். எடையிட்டுப் பார்த்தால் அடர்த்தி பெரிதாக ஏறியிருக்காது. ஆனால் தண்ணீரும் காற்றும் போகும் பாதை போய்விட்டிருக்கும். நடவுக்கு முன் தண்ணீர் கட்டிச் சேறாக்கும் தொளி உழவில் நாம் விரும்பிச் செய்வது இதைத்தான். நெல்லுக்கு அது வேண்டும், வாழைக்கு ஆகாது. அதோடு ஈர மண் தன் மேல் வந்த அழுத்தத்தைப் பக்கவாட்டில் பரப்பாமல் நேராகக் கீழே கொண்டுபோகும். அதே வண்டி, அதே டயர் என்றாலும் ஈர மண்ணில் அழுத்தம் இன்னும் ஆழமாகப் போய்ச் சேரும். நிறைந்த ஈரம் மேலே ஒரு சாணுக்குத்தான், அதற்குக் கீழே அரை ஈரம் என்றால் நிலைமை மிக மோசம்: மேலே சேறாகிறது, கீழே இறுகுகிறது.

இயந்திரக்காரர் விட்டுவிட்டது ஆழத்தை. அறுப்புக்குப் பத்து, பதினைந்து நாட்கள் முன்பு வாய்மடையை அடைத்துத் தண்ணீரை நிறுத்துகிறோம். மாசி, பங்குனி வெயிலில் மேல் மண் சீக்கிரம் வெளுத்து வெடிப்பு விடும். அதைப் பார்த்து வயல் காய்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். அப்படிப்பட்ட வயலில் மம்பட்டியால் முழங்கை ஆழம் வெட்டிப் பாருங்கள். மேலே மூன்று, நான்கு விரல் கனத்துக்கு மண் கட்டியாக உடையும். அதற்குக் கீழே நிறம் கறுக்கும், வெட்டிய முகம் பளபளக்கும், மம்பட்டி இலையில் மண் ஒட்டிக்கொண்டு வரும். வாய்க்கால் கசிவும் பக்கத்து வயலின் தண்ணீரும் அடியிலேயே வந்து சேரும் ஆற்றுப்பாசன நிலத்தில் அந்த ஈரம் எளிதில் போவதில்லை. மேலே இருக்கும் உலர்ந்த ஓடு வண்டியைத் தாங்குகிறது, சக்கரம் புதையவில்லை, தடம்கூடப் பெரிதாக விழவில்லை. ஆனால் அழுத்தம் அந்த ஓட்டைத் தாண்டி, இறுகுவதற்கு ஏற்ற ஈரத்தில் இருக்கும் அடிமண்ணுக்குப் போய்விடுகிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் வயலில் நடந்தது பெரும்பாலும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் ஈரத்தை மேலே பார்க்காமல் ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஆழத்தில் பாருங்கள். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். அந்த ஆழத்திலிருந்து கொஞ்சம் மண் எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் திரி போல் உருட்டுங்கள். மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்கு, அதாவது ஒரு தீக்குச்சியைவிடச் சற்றுத் தடிமனான திரியாக, உடையாமல் உருண்டு வந்தால் அந்த மண் இன்னும் குழையும் நிலையில் இருக்கிறது; கனமான வண்டியை இறக்கக் கூடாது. திரி ஆகும்போதே துண்டு துண்டாக உடைந்தால் எல்லைக்கு வந்துவிட்டது, இன்னும் சில நாட்கள் காயவிட்டால் நல்லது. உருட்டவே வராமல் உதிர்ந்தால் இறக்கலாம். ஸ்வீடன் நாட்டு அட்டர்பெர்க் நூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த சோதனை இது. இன்றும் மண் பரிசோதனைக் கூடங்களில் செய்கிறார்கள். களிப்புள்ள மண்ணுக்கு இது நன்றாகப் பொருந்தும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் போன்றவை எந்த ஈரத்திலும் திரியாக வராது. அங்கே இந்தச் சோதனையால் பயனில்லை.

வண்டியின் பங்கைப் பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பலர் குழம்புகிறார்கள். மேல் மண்ணில் ஏற்படும் அழுத்தம் பெரும்பாலும் டயரில் உள்ள காற்றின் அளவைப் பொறுத்தது. அடிமண்ணுக்குப் போகும் அழுத்தம் ஓர் அச்சின் மேல் உள்ள மொத்தக் கனத்தைப் பொறுத்தது. டிராக்டரின் பின் டயரில் வயல் வேலைக்கு 12 முதல் 14 பிஎஸ்ஐ காற்று இருந்தால் பொதுவாகப் போதும். ட்ரெய்லர் டயர்களில் ரோட்டில் பாரம் இழுப்பதற்காக அதைப்போலப் பல மடங்கு காற்று அடித்திருப்பார்கள், டயரும் குறுகல். நெல் பாரம் முழுவதும் அந்தக் குறுகிய டயர்களின் மேல் நிற்கிறது. ஆகவே மேல் மண்ணுக்கும் கெடுதல், அடிமண்ணுக்கும் கெடுதல். அறுவடை இயந்திரத்தைத் திட்டுகிறவர்கள் ட்ரெய்லரைக் கவனிப்பதே இல்லை. உங்கள் வாழை குன்றி நிற்பது ட்ரெய்லர் தடத்தில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு வியப்பு இல்லை. டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரமான பெல்ட் வண்டியில் கனம் அகலமான பரப்பில் பரவுவதால் ஈர வயலுக்கு அது நல்லதுதான். ஆனாலும் பெல்ட்டுக்குள் இருக்கும் உருளைகளுக்கு நேர் கீழே அழுத்தம் கூடுதலாக விழும், வண்டி திரும்பும் மூலைகளில் மண் அறுபடும். பெல்ட் வண்டி என்பதற்காக எந்த ஈரத்திலும் இறக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று: ஓர் இடத்தில் வரும் இறுக்கத்தின் பெரும்பகுதி முதல் ஓட்டத்திலேயே வந்துவிடும். அதனால் பாரத்தை வயல் முழுக்கப் பரப்பி ஓட்டச் சொல்வது தவறான யோசனை. ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போனால் அந்தத் தடம் மட்டும் கெடும், மற்ற நிலம் தப்பிக்கும்.

நம் நஞ்சையில் வண்டி இறங்காவிட்டாலும் ஒரு கெட்டித் தட்டு இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. கார் (புரட்டாசி, ஐப்பசியில் அறுக்கும் போகம்), பிசானம் என்று ஆண்டுக்கு இரண்டு முறை தொளி அடித்த நிலத்தில், உழவு ஆழத்துக்குச் சற்றுக் கீழே மண் இறுகியே கிடக்கும். நெல் வயலில் தண்ணீர் நிற்பதற்கு அதுதான் காரணம். அந்தத் தட்டை உடைத்துவிட்டு அடுத்த போகம் நெல் வைத்தால் தண்ணீர் கட்டாது, டிராக்டர் புதையும், நீங்களே வருத்தப்படுவீர்கள். நெல்லிலிருந்து வாழைக்கு மாறும்போதுதான் அது தடையாகிறது. வாழையின் வேர்கள் சதைப்பற்றானவை, பெரும்பாலும் மேலடுக்கிலேயே பரவுபவை, இறுகிய மண்ணைத் துளைக்கும் வலு குறைந்தவை, தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் அழுகுபவை. நிரந்தரத் தட்டின் மேல் ட்ரெய்லரின் புதிய இறுக்கமும் சேர்ந்தால் வேருக்குப் போக இடமே இல்லை. கன்று வைக்க வெட்டிய குழியின் சுவரும் ஈரத்தில் வெட்டப்பட்டு மெழுகியிருந்தால் வேர் குழிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

எல்லா மண்ணும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசல் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கி ஆழமாக வெடிக்கும். அந்த வெடிப்புகள் இறுக்கத்தை ஓரளவு தானாகவே சரிசெய்யும். ஆனால் கரிசலில் உழவுப் பதம் மிகக் குறுகிய நாட்களுக்கே கிடைக்கும். மழைக்குப் பிறகு சக்கரம் இறங்கவே முடியாது. பருவமழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடும் மானாவாரி முறை, ஈர நிலத்தில் வண்டி இறங்குவதையும் சேர்த்துத் தவிர்க்கிறது. வள்ளியூர், ராதாபுரம் செம்மண்ணில் அந்த ஊதலும் சுருங்கலும் மிகக் குறைவு. மணலும் நுண்மண்ணும் களியும் கலந்திருப்பதால் துகள்கள் ஒன்றின் இடைவெளியில் ஒன்று போய் அடைந்துகொள்ளும். ஒருமுறை இறுகினால் தானாக மீளாது. சீக்கிரம் காயும் என்பது மட்டும் செம்மண்ணுக்கு உள்ள நன்மை. உங்கள் ஆற்றுவண்டல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் எதை உறுதியாக நம்பலாம், எதில் தயக்கம் வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். நடு ஈரத்தில் இறுக்கம் உச்சம் என்பதும், ஈரம் கூடக் கூட அழுத்தம் ஆழமாகப் போகும் என்பதும், அச்சுக் கனம்தான் அடிமண்ணைத் தொடுகிறது என்பதும் பல நாடுகளில் பல மண்களில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டவை. குளிர்காலத்தில் நிலம் உறைந்து உருகும் நாடுகளில்கூட அடிமண் இறுக்கம் பல ஆண்டுகள் நீடித்ததை நெடுநாள் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஒரு கோடை உழவில் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. கரிசலின் வெடிப்பு அடிமண்ணை எவ்வளவு ஆழம் வரை மீட்கும் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. உங்கள் வாழை குன்றியதற்கு இறுக்கம் மட்டுமே காரணம் என்று வயலைப் பார்க்காமல் நான் சாதிக்க மாட்டேன். வேரைத் தாக்கும் நூற்புழு இருக்கலாம், வேரழுகல் இருக்கலாம், அந்தப் பகுதி இயல்பாகவே தாழ்வாக இருக்கலாம். தடத்தை ஒட்டி நேர்கோட்டில் குன்றியிருப்பதால் இறுக்கத்தின் மீது என் சந்தேகம் வலுவாக விழுகிறது, அவ்வளவுதான்.

அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு நாள் வேலை போதும். பாசனம் செய்து இரண்டு நாட்கள் கழித்து, குன்றிய வாழைக்கும் நல்ல வாழைக்கும் பக்கத்தில் ஒவ்வொரு குழி வெட்டுங்கள். கம்பி குத்திப் பார்ப்பதானாலும் இந்த ஈரத்திலேயே பாருங்கள். காய்ந்த மண் இறுகாவிட்டாலும் கெட்டியாகத்தான் இருக்கும், கம்பி ஏமாற்றிவிடும். கருவியால் அளக்கிறவர்கள் சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ எதிர்ப்பு வந்தால் பெரும்பாலான பயிர்களின் வேர் ஏறக்குறைய நின்றுவிடும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இரண்டு குழிகளுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் போதும். குன்றிய பக்கத்துக் குழியில் மண் படுக்கைவசமாகத் தகடு தகடாகப் பிரிந்து வந்தாலோ, வேர் கீழே போய்க்கொண்டிருந்து திடீரென்று பக்கவாட்டில் மடங்கி ஓடினாலோ, அந்த ஆழத்தில் இறுக்கம் இருக்கிறது என்று அர்த்தம். வேரில் முடிச்சும் கறுத்த புண்ணும் இருந்தால் பக்கத்து வேளாண் அலுவலரிடம் வேரோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

இறுக்கம்தான் என்று உறுதியானாலும் நிற்கிற வாழைக்கு நடுவே கனமான கருவி எதையும் விடாதீர்கள், வேர் அறுபடும். இந்தப் பயிருக்கு வடிகாலை ஆழப்படுத்துவது, அந்தத் தடத்தில் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுப்பது, மூடாக்கும் தொழு உரமும் போடுவது ஆகியவற்றைத்தான் செய்ய முடியும். வாழை முடிந்த பிறகு, அடுத்து வைப்பது நெல் இல்லை என்றால் மட்டும், ஆழமாகக் கீறிக் கெட்டித் தட்டை உடைக்கும் உளிக்கலப்பையை விடலாம். அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையிலும், பிறகு அதற்குக் குறுக்காகவும் ஓட்டி, ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் சேர்ப்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். இதிலும் ஈரம்தான் எல்லாம். உளி போகும் ஆழத்தில் மண் காய்ந்திருந்தால் தட்டு வெடித்து நொறுங்கும். ஈரமாக இருந்தால் உளி ஒரு கோட்டை மட்டும் கீறிவிட்டு, கோட்டின் சுவரையும் மெழுகிவிட்டுப் போகும், டீசல்தான் செலவு. சித்திரை, வைகாசியில் ஒன்றரை அடி ஆழம் தோண்டி, அதே திரிச் சோதனையைச் செய்துவிட்டு வண்டியைக் கூப்பிடுங்கள். உடைத்த நிலத்தில் உடனே கொளுஞ்சியோ சணப்பையோ போன்ற பசுந்தாள் உரப்பயிரை விதைத்துவிட்டால் பிளவுகளில் வேர் இறங்கி அவற்றைத் திறந்தே வைத்திருக்கும். உடைத்த கையோடு மறுபடியும் பாரவண்டி ஏறினால் முன்பைவிட மோசமாக இறுகும், ஏனென்றால் உடைந்த மண்ணுக்குத் தாங்கும் வலு இல்லை.

அடுத்த பிசானத்துக்கு உங்களால் மாற்ற முடிவது இவ்வளவு: தண்ணீரை ஒரு வாரம் முன்கூட்டியே நிறுத்த முடியுமா என்று பாருங்கள், ஆனால் கதிர் முற்றுவதைக் கெடுக்காத அளவுக்கு. ட்ரெய்லரை வரப்பைத் தாண்டி உள்ளே விடாதீர்கள். அறுவடை இயந்திரமே ஓரத்துக்கு வந்து நெல்லைக் கொட்டட்டும், அதற்காகும் கூடுதல் வாடகை, ஒரு வரிசை வாழையின் நட்டத்தோடு ஒப்பிட்டால் சிறிது. கார் அறுப்புக்கு இந்தத் தெரிவு எப்போதும் கிடைக்காது. புரட்டாசி, ஐப்பசியில் மழை துரத்தும்போது நெல்லைக் காப்பாற்றுவதா மண்ணைக் காப்பாற்றுவதா என்றால் நெல்லைத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கும். அப்போது பெல்ட் வண்டியைக் கேளுங்கள், நெல் தொட்டி பாதி நிரம்பியதும் கொட்டச் சொல்லுங்கள், போக்குவரத்து முழுவதையும் வயலின் ஒரே ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழி வெட்டிப் பார்த்துவிட்டு எந்த ஆழத்தில் வேர் மடங்கியிருக்கிறது என்று எழுதுங்கள். உளியை எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.